பத்து மணிக்காரர்

மாஸ்டருக்கு ஆட்களின் பெயர் மனசில் நிற்காது. நேரம் மட்டும் நிற்கும். டிரைவிங் ஸ்கூலில் அவரிடம் வண்டி பழக வருகிற எல்லாருக்கும் அவரவர் வருகிற நேரமே பெயர். ஏழு மணி என்றால் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். சிக்னலில் சிவப்பு விழுந்தால் விநாடிகளை எண்ணத் தொடங்கிவிடுவார். எண்ணுகிற சுவாரசியத்தில் பச்சை விழுந்ததைக் கவனிக்க மாட்டார். எட்டரை என்றால் பல் டாக்டர். ஊரார் வாய்க்குள் அஞ்சாமல் ஊசி போடுகிற கை, கியரைத் தொட்டதும் வெடவெடவென்று நடுங்கும். ஒருமுறை கடைத்தெருவில் டீச்சரை அவர் வீட்டுக்காரரோடு பார்த்த மாஸ்டர், "என்ன ஏழு மணி, சௌக்கியமா?" என்று கேட்டுவைத்தார். அந்த மனிதர் முறைத்த முறைப்பில் நாலு கடை தள்ளிப் போய்த்தான் நின்றார். பெயர், முகவரி, வயசு எல்லாம் ஆபீஸில் இருக்கிற பெண் ரிஜிஸ்டரில் எழுதிக்கொள்வாள். அதை அவர் புரட்டிப் பார்த்ததே கிடையாது.

அவருடைய வண்டியில் இரண்டு பேருக்கும் பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் காலடியில் ஒன்று, பக்கத்தில் உட்காரும் மாஸ்டர் காலடியில் ஒன்று. பதினாறு வருஷமாக அந்தப் பக்கத்து பிரேக்கிலேயே காலை வைத்துப் பழகியதில், இப்போது யார் வண்டியில் ஏறினாலும் அவருடைய வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். பஸ்ஸில்கூட மிதிப்பார். டெஸ்ட்டுக்கு ஆளை அனுப்ப அவர் வைத்திருந்த அளவுகோலும் அந்தக் கால்தான். தொடர்ந்து ஐந்து நாள் தன் கால் பிரேக்கைத் தொடாமல் இருந்தால்தான் படிவத்தில் கையெழுத்துப் போடுவார். நாலு நாளுக்குப் போடச் சொல்லி முதலாளி தலைகீழாக நின்றாலும் நடக்காது.

காலைச் சொன்னால் வாயையும் சொல்லியாக வேண்டும். வண்டியில் ஏறினால் மாஸ்டருக்கு வாய் மூடாது. பழகுகிறவர்கள் பயத்தில் விறைத்துப்போய் உட்கார்ந்திருப்பார்கள், காதுக்கு ஏதாவது வேலை கொடுத்தால்தான் காலும் கையும் இளகும் என்பது அவர் கண்ட தொழில் ரகசியம். அதற்காகத் தன் வீட்டுக் கதையை எடுத்துவிடுவார். வீட்டுக்குப் போனதும் வண்டியில் நடந்த கதைகளை மகளிடம் எடுத்துவிடுவார். இப்படி இரண்டு பக்கமும் அஞ்சல் போய்க்கொண்டேயிருந்தது. மகள் வாலுவுக்கு என்னென்ன பிடிக்கும் என்று பல் டாக்டருக்குத் தெரியும். பல் டாக்டர் எந்தத் திருப்பத்தில் கண்ணை மூடிக்கொண்டார் என்று வாலுவுக்குத் தெரியும்.

வாலு என்பது எட்டரை வயசு மகள். வீட்டில் வைத்த செல்லப்பெயர், வைத்தது முதல் அதற்கேற்ற மாதிரிதான் நடந்துகொண்டிருந்தாள். மாஸ்டர் அவளைப் பெற்றவர் அல்ல. அவளுடைய அம்மாவை அவர் கல்யாணம் பண்ணிக்கொண்டபோது அவளுக்கு மூன்று வயசு. பெற்றவன் கப்பலில் எஞ்சின் வேலைக்குப் போனவன். பிள்ளைக்கு ஒன்றரை வயசிருக்கும்போது போனவன் அப்புறம் எட்டியே பார்க்கவில்லை. விவாகரத்துக்கூட வக்கீல்கள் மூலம் தாளிலேயே முடிந்துபோனது. மாஸ்டரை முதலில் மாமா என்றுதான் கூப்பிட்டாள். நாலு வயசில் ஒருநாள் காய்ச்சலில் படுத்திருந்தபோது, "அப்பா, தண்ணி" என்றாள். தண்ணீர் எடுக்கப் போனவர் குழாயைத் திறந்துவிட்டு அங்கேயே நின்று அழுதார். காய்ச்சல் விட்டது, அந்த வார்த்தை நிலைத்துவிட்டது.

போன வருஷம்வரை இதில் ஒரு குறையும் இல்லை. பிறகுதான் வாலு பள்ளிக்கூடத்தில் கம்பியில் தொங்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டாள். மனைவிக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. ரத்த சாம்பிள் குழாய்களுக்கு நடுவே இருக்கும்போது போனை எடுக்க முடியாது. மாஸ்டர் போய் நின்றார். அலுவலகத்தில் இருந்த எழுத்தர் ஒரு அட்டையை எடுத்துப் பார்த்தார். பிள்ளையைக் கூட்டிப்போக உரிமை உள்ளவர்கள் என்று அதில் அம்மா பெயரும் பெற்றவன் பெயரும் இருந்தன, வேறு யாரும் இல்லை. "நீங்க யாருன்னு இதுல இல்லையே" என்றார் எழுத்தர். கெட்ட மனிதர் இல்லை, சட்டம் பேசுகிற மனிதர். ஒன்றரை மணி நேரம், அம்மா வரும்வரை, வாலு வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் மாஸ்டர் நின்றார். அழாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தால் தாங்கியிருப்பேன் என்று பிறகு எல்லாரிடமும் சொன்னார்.

அட்டையில் பேரைச் சேர்க்கலாம் என்று போனால், பதிவில் உள்ள பெற்றோர் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். ஏற்கெனவே ஒரு குடும்பத் தகராறில் கையைச் சுட்டுக்கொண்ட பள்ளிக்கூடம் அது. கப்பல் கம்பெனிக்கு எழுதிய கடிதத்துக்குப் பதிலே இல்லை. எதற்கு இந்த ஒட்டுவேலை என்று மாஸ்டர் ஒரேயடியாக முடிவெடுத்தார். வாலுவைச் சட்டப்படி மகளாகத் தத்து எடுத்துக்கொள்வது.

வக்கீலம்மா மனு போட்டார். கோர்ட் பெற்றவனைத் தேடிப் பிடித்து நோட்டீஸ் கொடுத்தது. அவனிடமிருந்து ஒரே வரி வந்தது. சம்மதம் இல்லை. காரணம் என்று ஒன்றுமில்லை, கீழே முழுப்பெயரும் கையெழுத்தும் மட்டும். மாஸ்டர் அந்தத் தாளின் நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆறு வாரம் திரிந்தார். கவலைப்படாதீர்கள், இரண்டு வருஷமாகப் பிள்ளையை நாடி வர எந்த முயற்சியும் செய்யாதவர் என்று காட்டிவிட்டால் அவர் சம்மதம் இல்லாமலே கோர்ட் கொடுக்கும் என்று வக்கீலம்மா தைரியம் சொன்னார். ஏழு வருஷமாக நாடாதவன்தானே. மாஸ்டரும் நம்பினார்.

இந்த ஆறு வாரத்தில்தான் பத்து மணிக்காரர் வந்து சேர்ந்தார்.

நாற்பதைத் தொட்ட ஆள், கட்டை விரல் இரண்டும் சுத்தியல் மாதிரி. கப்பலில் வேலை பார்த்ததாகவும் இப்போது கரையில் பழுது பார்க்கும் பட்டறையில் சேர்ந்திருப்பதாகவும் முதல் நாளே சொன்னார். கப்பலில் ஆயிரம் பேர் வேலை செய்கிறார்கள். மாஸ்டருக்கு அது மனசில் தட்டவே இல்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். ஆனால் கேட்டுக்கொள்வதில் அவரைப் போல ஒரு ஆளை மாஸ்டர் பார்த்ததில்லை. மற்றவர்களுக்கு மாஸ்டரின் கதை பின்னணியில் ஓடுகிற ரேடியோ. பத்து மணிக்காரர் ஒவ்வொரு வார்த்தையையும் வாங்கி வைத்துக்கொள்வார். நேற்று விட்ட இடத்தை அவரே எடுத்துக் கொடுப்பார். "அந்த ஓவியப் போட்டி என்னாச்சு மாஸ்டர்?" என்பார். இப்படி ஒரு ஆள் கிடைத்தால் மாஸ்டர் சும்மா இருப்பாரா? வாலுவுக்கு வெயிலில் மூக்கில் ரத்தம் வருவது, பால் பல்லைத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருப்பது, தூக்கத்தில் கணக்குச் சொல்வது என்று ஒன்று விடாமல் ஒப்பித்தார்.

ஆனால் வண்டி மட்டும் அந்த மனிதருக்கு வசப்படவில்லை. ஒழுங்காக ஓட்டிக்கொண்டே வருவார், திடீரென்று கிளட்சை விட்டுவிடுவார். வண்டி ஒரு குதி குதித்து நடுரோட்டில் நின்றுபோகும். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை. கப்பலையே ஓட்டின எஞ்சின் ஆள் இந்தச் சின்ன எஞ்சினிடம் தோற்கிறாரே என்று மாஸ்டர் வீட்டில் சொல்லிச் சிரித்தார். வாலுவுக்குப் பத்து மணி மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், "இன்னிக்குப் பத்து மணிக்கு எத்தனை தடவைப்பா நின்னுச்சு?" என்பதுதான் முதல் கேள்வி. ஆறு என்றால் கைதட்டுவாள்.

பெற்றவன் கதையையும் மாஸ்டர் விடவில்லை. உள்ளதைச் சொன்னால், அதைத்தான் அதிகம் சொன்னார். "ஒரு கையெழுத்து. அதைப் போட அவனுக்கு என்ன கை வலிக்குதா? கல்லுளிமங்கன்" என்று பத்து மணிக்காரரிடமே பொரிந்து தள்ளினார். அன்றைக்கு வண்டி நாலு முனைச் சந்திப்பில் நின்றுபோய், பின்னால் வந்த லாரிக்காரன் இறங்கி வந்து திட்டினான்.

கோர்ட் விசாரணை திங்கட்கிழமை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மாலை, ஆபீஸ் பெண் ஒரு படிவத்தோடு வந்தாள். பயிற்சி முடியப்போகிறவர்களின் டெஸ்ட் படிவங்களை அவள் முன்கூட்டியே எழுதி, அவரவர் கையெழுத்தையும் வாங்கி வைப்பாள். "பத்து மணிக்காரருக்கு எத்தனை நாள் ஆச்சுன்னு நீங்களே போட்டுக் குடுங்க மாஸ்டர்" என்றாள். மாஸ்டர் விரல் விட்டு எண்ணி இருபத்திரண்டு என்று எழுதினார். கட்டத்துக்கு மேலே பெயர் இருந்தது. படித்தார். சட்டைப்பையில் இருந்த தாளை எடுத்துப் பிரித்துப் பக்கத்தில் வைத்தார். அதே முழுப்பெயர், அதே கையெழுத்து, கடைசி எழுத்தின் வால் இரண்டிலும் ஒரே மாதிரி கீழே இழுபட்டிருந்தது.

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இருபத்திரண்டு நாளாகச் சொன்னது எல்லாம் வரிசையாக வந்து காதில் விழுந்தது. கல்லுளிமங்கன் என்றது விழுந்தது. கூடவே இன்னொன்றும் புரிந்தது. வண்டி சும்மா நிற்கவில்லை. வாலுவைப் பற்றிச் சொன்ன இடங்களில்தான் நின்றிருக்கிறது. மூக்கில் ரத்தம் வந்ததைச் சொன்ன அன்று ஒன்பது தடவை.

வீட்டில், வாலு குளிக்கப் போன நேரமாகப் பார்த்து மனைவியிடம் சொன்னார். அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே மறுபடி பிரித்து மடித்தாள். ஏழு வருஷமாகப் பிள்ளைக்கு ஊசி போட்டாயா, சோறு தின்றாளா என்று ஒரு வார்த்தை கேட்காத ஆள், கோர்ட் காகிதம் வந்ததும் வேஷம் போட்டு வந்து வேவு பார்த்திருக்கிறான் என்று குமுறினாள். தனியாக அந்த ஒன்றரை வருஷம் தான் பட்டதை அவள் சொல்லவில்லை. மாஸ்டருக்கு அது தெரியும். அவள் கோபத்தில் ஒரு எழுத்தைக்கூடத் தப்பு என்று அவரால் சொல்ல முடியவில்லை. வக்கீலம்மாவுக்குப் போன் போட்டார்கள். அவர் பதறவேயில்லை. "அவர் குழந்தையைப் பார்க்க வரலையே. வண்டி ஓட்டத்தானே வந்தார்? கேட்டா, குழந்தையைப் பார்க்க வரலைன்னு சொல்லுங்க. அது பொய் இல்லையே" என்றார். கெட்டிக்காரர்.

மறுநாள் பத்து மணிக்கு அந்த மனிதர் வழக்கம்போல வந்து ஏறினார். மாஸ்டர் ஒன்றும் பேசவில்லை. ரேடியோ நின்றுபோன வண்டியில், கியர் மாற்றுகிற சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது. பழகும் மைதானத்தின் சுவரோரம் நிறுத்தச் சொன்னார். வண்டி குதிக்காமல் நின்றது.

"உங்க பேரை நேத்துதான் பார்த்தேன்" என்றார் மாஸ்டர்.

"தெரியும். நீங்க இன்னைக்கு வாயே திறக்கல." ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுக் கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டார். "மனுவுல உங்க வேலை, டிரைவிங் ஸ்கூல் எல்லாம் போட்டிருந்துச்சு. எப்படிப்பட்ட ஆளுகிட்ட என் பொண்ணு வளர்றான்னு பாக்கத்தான் வந்தேன். அது ரெண்டாம் நாளே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறமும் இருபது நாள் வந்தீங்களே."

"அவளைப் பத்திக் கேக்க வந்தேன். எனக்குச் சொல்ல வேற யாரு இருக்கா?"

ஏன் அப்போதே வரவில்லை என்று மாஸ்டர் கேட்டார். அவர் மழுப்பவில்லை. முதல் விடுமுறைக்கு, பிள்ளையின் அம்மாவோடு போட்ட சண்டைக் கோபத்தில் வரவில்லையாம். இரண்டாவதுக்கு வர வெட்கமாக இருந்ததாம். மூன்றாவதுக்குள் வேறு கல்யாணம் நடந்துவிட்டதாகச் செய்தி வந்ததாம். அதற்குமேல் தான் போய் நின்றால் பிள்ளைக்கு என்ன நல்லது என்று தனக்குத் தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டாராம். சொல்லும்போது தன்னைக் காப்பாற்றிக்கொள்கிற ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. கல்லுளிமங்கன் என்று நீங்கள் வைத்த பெயர் சரிதான் என்று வேறு சொன்னார். மாஸ்டருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"அப்படின்னா கையெழுத்துப் போட்டுடலாமே. அவ பெஞ்சுல உக்காந்திருந்ததைச் சொன்னேனே."

"அந்தத் தாளை முழுசாப் படிச்சீங்களா மாஸ்டர்? பொறந்த நாள்லேருந்தே அவ உங்க மகள்னு ஆயிடுமாம். பொறந்த சர்டிபிகேட்டையே மாத்தி எழுதுவாங்களாம். அவ பொறந்தப்போ நான் அங்கதான் இருந்தேன். நர்ஸ் முதல்ல என் கையிலதான் குடுத்தாங்க. அதுக்கப்புறம் நான் செஞ்சதெல்லாம் தப்பு. ஆனா அந்த ஒரு நாள் நான் இருந்தேன். எங்கிட்ட அது ஒண்ணுதான் இருக்கு, அதையும் எழுதிக் குடுன்னா எப்படிக் குடுப்பேன்?"

மாஸ்டர் ரிவர்ஸ் கியரைக் காட்டினார். மிச்ச நேரம் முழுக்க ரிவர்ஸ் எடுக்கப் பழகினார்கள். மாஸ்டரின் கால் இரண்டு தடவை பிரேக்கை மிதித்தது, இரண்டும் தேவையில்லாமல்.

திங்கட்கிழமை கோர்ட்டில் அந்த மனிதர் வக்கீல் இல்லாமல் வந்து எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தார். சலவை மடிப்பு கலையாத சட்டை. நீதிபதி மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு முதலில் அவரைக் கேட்டார், இந்த இரண்டு வருஷத்தில் குழந்தையைப் பார்த்தீர்களா என்று. "பார்க்கலை" என்றார். பார்க்க முயற்சியாவது செய்தீர்களா என்று கேட்டதற்கு, அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நின்றார். வக்கீலம்மாவின் முகம் மலர்ந்தது. பிறகு நீதிபதி மாஸ்டர் பக்கம் திரும்பினார். இவர் குழந்தையை நாடி எந்த வகையிலாவது வந்ததாக உங்களுக்குத் தெரியுமா?

மாஸ்டர் எழுந்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த வாலுவின் கை நினைவுக்கு வந்தது. வரலை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் அவருக்குத்தான். ஐந்து நாளை நாலு நாளாகக் குறைக்கத் தெரியாத மனிதர். அவரிடம் போய் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள்.

"வந்தார்" என்றார். "இருபத்திரண்டு நாள் என் வண்டிக்கு வந்தார். பாப்பாவைப் பத்திக் கேக்கத்தான் வந்தார். நான்தான் ஆள் யாருன்னு பாக்காம விட்டுட்டேன்."

அப்படியானால் தகப்பன் பிள்ளையைக் கைவிட்டுவிட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது, அவர் சம்மதம் இல்லாமல் தத்துக் கொடுப்பதற்கில்லை என்று நீதிபதி மனுவைத் தள்ளுபடி செய்தார். எல்லாம் பத்து நிமிஷம். வெளியே வராந்தாவில் வக்கீலம்மா கோப்பைக் கட்டிக்கொண்டே, "நல்லா ஓடிட்டிருந்த வண்டிக்கு நீங்களே பிரேக் போட்டுட்டீங்களே மாஸ்டர்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சோர்ந்துபோய்ச் சொன்னார்.

பஸ்ஸில் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பியபடியே வந்தாள். நிறுத்தத்துக்கு நிறுத்தம் மாஸ்டரின் கால் தரையை மிதித்தது. மற்ற நாளாக இருந்தால் கேலி செய்திருப்பாள். வீட்டுக் கதவைத் திறக்கும்போதுதான் பேசினாள். "நீங்க சொன்னது தப்புன்னு சொல்லல. எனக்குத் தாங்கல, அவ்வளவுதான்." உள்ளே போனதும் அவருக்கும் தாங்கவில்லை. வாலு அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடிவந்தபோது, யாரோ கொடுத்துவைத்த பொருளை வாங்கிக்கொள்வது போலக் கைகள் தயங்கின. அப்படித் தயங்கியதற்காகவே அவளைக் கொஞ்சம் அதிகமாகத் தூக்கி வைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை அந்த மனிதர் வருவார் என்று மாஸ்டர் எதிர்பார்க்கவில்லை. பத்தடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது வாசலில் நின்றார். ஏறி, கண்ணாடியைச் சரிசெய்து, இண்டிகேட்டர் போட்டுக் கிளப்பினார். மைதானத்துக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை. "எங்க போறோம்?" என்று மாஸ்டர் கேட்டார். "அவ ஸ்கூலுக்கு. நீங்க சொல்லியே எனக்கு வழி மனப்பாடம்" என்றார். நாலு முனைச் சந்திப்பு, மேம்பாலம், குறுகலான சந்தைத் தெரு எல்லாம் தாண்டியும் வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் இரண்டு வண்டிகளுக்கு நடுவே கோடு போட்ட மாதிரி நிறுத்தினார்.

அலுவலகத்தில் அதே எழுத்தர். அந்த மனிதர் தன் அடையாள அட்டையைக் காட்டி, பிள்ளையின் அட்டையைக் கேட்டார். அம்மா போன வருஷமே போட்ட கையெழுத்து ஓரத்தில் துணையில்லாமல் இருந்தது. அதற்குப் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். மாஸ்டரின் பெயரைக் கேட்டுக் கேட்டு, எழுத்துக்கு எழுத்து நிறுத்தி எழுதினார். "கோர்ட் தாளை மட்டும் என்கிட்டக் கேக்காதீங்க மாஸ்டர். இது என்னால முடியும்" என்றார். பெயருக்குப் பக்கத்தில் உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் பேனா நின்றது. வண்டி நிற்கிற மாதிரியே நின்றது. அம்மாவின் கணவர் என்று போடலாம், போதும் என்று எழுத்தர் எடுத்துக் கொடுத்தார். என்ன போட்டாலும் சரி என்றார் மாஸ்டர்.

அப்போது இடைவேளை மணி அடித்தது. வாசலில் நிற்கிற டிரைவிங் ஸ்கூல் வண்டி வாலு கண்ணில் படாமல் இருக்குமா? வராந்தாவில் ஓடிவந்து கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போன வருஷம் மாஸ்டர் நின்ற அதே கதவு. பள்ளிக்கூட நேரத்தில் எதற்கு வந்தீர்கள் என்று அவரை ஒரு மிரட்டு மிரட்டிவிட்டுப் பக்கத்தில் நின்ற ஆளைப் பார்த்தாள். அப்பா சொல்லியிருந்த கட்டை விரல்களைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து மணிப் பாடத்தில் இன்னும் பாதி நேரம் பாக்கி இருந்தது.

"நீங்கதான் பத்து மணியா?"

மாஸ்டர் அவசரமாகக் கதவுப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தார். இதைச் சொல்கிற இடம் இது இல்லை, சொல்லும்போது அவள் அம்மாவும் இருக்க வேண்டும். அந்த மனிதர் அவளையே பார்த்தார். ஏழு வருஷத்தை ஒரு நிமிஷத்தில் பார்க்க வேண்டியிருந்தது. பிறகு தலையை ஆட்டினார்.

"ஆமா. நான்தான் பத்து மணி."

"இன்னிக்கு எத்தனை தடவை நின்னுச்சு?"

"ஒரு தடவைகூட நிக்கல."

அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். இருந்தாலும் பெரிய மனசு பண்ணி, "அப்ப லைசென்ஸ் கிடைச்சிடுமா?" என்று கேட்டாள்.

"உங்கப்பா கையெழுத்துப் போட்டாத்தான் கிடைக்கும்" என்றார் அவர்.

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது. மாஸ்டரும் கேட்டார். எழுத்தர் காகிதத்தைப் புரட்டுவது போலக் குனிந்துகொண்டார். வாலுவுக்கு மட்டும் அதில் புதிதாக ஒன்றுமில்லை. "போட்டுடுங்கப்பா, பாவம்" என்றாள்.

மாஸ்டர் அவளுக்கு ஒரு விரலை மடக்கிக் காட்டினார். "அஞ்சு நாள் கணக்கு உனக்குத் தெரியாதா? இன்னைக்கு ஒரு நாள்தான் ஆயிருக்கு. இன்னும் நாலு நாள் ஓட்டணும்." அந்த மனிதர் பக்கம் திரும்பினார். "நாளையிலேருந்து நேரத்தை மாத்திக்கலாமா? மூணரைக்கு வாங்க. ஸ்கூல் விடுற நேரம். பின்னாடி ஒரு ஆள் உக்காந்திருந்தாலும் பதட்டமில்லாம ஓட்டத் தெரியணும். வீட்டுல நான் பேசிக்கறேன். மத்ததைப் பாப்பாவோட அம்மாவும் நானும் நேரம் பார்த்துச் சொல்றோம்."

வீட்டில் பேசுவது லேசாக இருக்காது என்று மாஸ்டருக்குத் தெரியும். மனைவி மாட்டேன் என்றால் இரண்டு நாள், மூன்று நாள் ஆகும். அதுவரைக்கும் பத்து மணியே இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டார். அந்த மனிதர் சரி என்று தலையை ஆட்டினார். மணி அடித்தது. வாலு இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கையை ஆட்டிவிட்டு ஓடிப்போனாள்.

அவள் மறையும்வரை நின்றுவிட்டு அவர் மேஜைக்குத் திரும்பினார். பேனாவை எடுத்து, விட்டுவைத்த கட்டத்தில் அப்பா என்று எழுதினார். எழுத்தர் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"மேல் வரியில உங்க பேருக்கு நேரா ஏற்கெனவே அப்பான்னு இருக்கே."

"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். மாஸ்டர் பின்னாலேயே போய்ப் பக்கத்து சீட்டில் ஏறினார். அன்றைக்குத் திரும்பும் வழியில் தன் கால் எங்கே இருந்தது என்று மாஸ்டர் கவனிக்கவேயில்லை.